திரிகைக் கல்லும் கூலியும்

மராட்டிய மாநிலத்து அவுரங்காபாத் நகரில் (2023 முதல் அதற்குச் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர்) பன்சக்கி என்றொரு நீராலை உண்டு. பாபா ஷா முசாஃபிர் என்னும் சூஃபி ஞானியின் தர்காவை ஒட்டி, 18ஆம் நூற்றாண்டில் அமைந்தது. தொலைவிலுள்ள ஊற்றுநீரை மண்குழாய்கள் வழியே நிலத்தடியில் கொணர்ந்து, உயர்ந்த சுவரின்மேல் ஏற்றி, அங்கிருந்து விழச் செய்து, அவ்விசையால் மாவரைத்தனர். அந்த மாவு திருப்பயணிகளுக்கும் ஏழைத் துறவிகளுக்கும் உணவாயிற்று. இன்று அது பேணிக் காக்கப்படும் காட்சிப் பொருள். பார்த்து நிற்கும் எவர்க்கும், “அந்தக் காலம் எவ்வளவு அமைதியானது!” என்றே சொல்லத் தோன்றும். நமக்கும் தோன்றியது.

ஆனால் நீராலை வருமுன் மாவரைத்தவர் யார்? விடுதலைப் பயண நூல் எகிப்தின் கடைநிலை மனிதரைச் சுட்ட விரும்பியபோது, திரிகைக்குப் பின்னால் அமர்ந்த அடிமைப் பெண்ணையே காட்டுகிறது. கண்ணிழந்த சிம்சோனைப் பெலிஸ்தியர் சிறையில் மாவரைக்க வைத்தனர். அதைவிடப் பெரிய இழிவு அவர்களுக்குத் தெரியவில்லை போலும்! கிரேக்கக் கவிஞர் அந்திப்பாத்தர் நீர்ச்சக்கரத்தைக் கண்டு, அரைக்கும் பெண்களே, இனி விடியும்வரை உறங்குங்கள் என்னும் கருத்தில் பாடினார். ஓடம் தானே நெய்தால் எசமானனுக்கு அடிமை தேவைப்படான் என்று அவருக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். கருவி வந்தால் மனிதன் விடுதலை பெறுவான் என்பது அத்துணைப் பழைய நம்பிக்கை.

நம் பள்ளத்தாக்கிலேயே அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கலாம். ஆழ்வார்குறிச்சிக்கு அருகே, பாபநாசத்தில் தாமிரபரணி மலையிறங்கும் விசையைக் கொண்டு 1880களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை நிறுவினர். ஆறு மாடாய் உழைத்தது. நூற்கும் கைகளுக்கு உறக்கம் கிடைத்ததா? அதே ஹார்வி குழுமத்தின் தூத்துக்குடி கோரல் ஆலையில் 1908 பிப்ரவரி இறுதியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். கேட்டவை கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, வார விடுமுறை. அடிமையும் வேலைக்காரியும் மாடும்கூட ஏழாம் நாள் ஓயட்டும் என்று மோசே விதித்து எத்தனை நூற்றாண்டுகள்! இயந்திரம் அந்த ஓய்வைத் தரவில்லை. கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

ஆகவே கல்லைத் திருப்புவது கையா, நீரா, மின்சாரமா என்பது முதற்கேள்வியன்று. நம் பெண்கள் திரிகையைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டுத் தகரப் பெட்டியை இடுப்பில் ஏற்றி மாவு மில்லுக்கு நடந்தபோது, ஒருவரும் கண்ணீர் விடவில்லை. சரியே.

இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் வேறிடத்தில் கைவைக்கிறது. திரிகையையோ அதன் மேற்கல்லையோ அடகாக வாங்காதே, அது உயிரையே அடகு வாங்குவதாகும் என்பது அதன் கட்டளை. மேற்கல்லை மட்டும் எடுத்துச் சென்றாலும் அன்றைக்கு அடுப்பெரியாது என்பதை அறிந்தவன் எழுதிய சட்டம் அது. அதே அதிகாரத்தில் சில வரிகள் தள்ளி, ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் சுமங்கலித் திட்டம் நினைவுக்கு வராமல் போகாது. தென்மாவட்டத்து ஏழை வீடுகளின் இளம்பெண்களை மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துச் சென்றார்கள். முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை. நோயுற்று இடையில் திரும்பியவள் அத்தொகையை இழந்தாள். பொழுது சாயுமுன் தரவேண்டியதை மூன்றாண்டு பிடித்துவைப்பது அடகல்லாமல் வேறென்ன? பெற்றோரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. மகளுக்குச் சீர் கேட்கும் உலகம் ஆலைக்கு வெளியே, நம் இறைமக்கள் நடுவிலும்தானே இருக்கிறது!

வயதுச் சான்றாகத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டுப் பங்கு இல்லத்துக்குப் பெற்றோர் வருவதுண்டு. எழுதித் தருமுன் நாம் கேட்பவை இரண்டு: கூலி மாதந்தோறும் யார் கைக்கு வரும்? பிள்ளை பாதியில் வீடு திரும்ப விரும்பினால் எதை விட்டுவிட்டு வரவேண்டும்?