அறுப்பதற்கு முன்னால்

கோழி வாங்கும்போது நாம் கேட்பது ஒரே கேள்வி: "ஹலால்தானே?" கேட்க வேண்டியதுதான். ஆனால் அது கோழியின் கடைசி நிமிஷத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு முன் அது வாழ்ந்த நாட்களை நாம் விசாரிப்பதில்லை.

2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழிகள் வரை நின்றுபோயின. சிங்கப்பூரில் எங்கும் விலையைப் பற்றியே பேச்சு. கோழியைப் பற்றிப் பேச்சில்லை.

இன்று இறைச்சிக் கோழி பிறந்து ஏறக்குறைய ஆறு வாரத்தில் கத்திக்கு வந்துவிடுகிறது. சீக்கிரம் எடை ஏறும் இனமாதலால், சொந்த உடம்பைத் தாங்கவே பல கோழிகளின் கால்களுக்குப் பலமில்லை. முட்டைக் கோழியின் பாடு இன்னும் மோசம். பல நாடுகளில் கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குரிய இடம் நாம் கடிதம் எழுதும் தாளின் அளவுகூட இல்லை. சிறகை விரிக்கவோ மண்ணைக் கிளறவோ வழியில்லை. முட்டையிடாத சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள்.

பிரிட்டனில் அரசாங்கம் நியமித்த பிராம்பெல் குழு, பண்ணைப் பிராணிகளுக்கு எழவும் படுக்கவும் திரும்பவும் அங்கங்களை நீட்டவும் இடம் வேண்டுமென்று 1965-இல் சொன்னது. பழைய மாதிரிக் கம்பிக் கூண்டுகளை ஐரோப்பிய யூனியன் 2012-இல் தடை செய்தது.

இது நமக்குப் புதிய சங்கதியா? பூனையை அடைத்து வைத்து, தீனியும் கொடாமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அறுப்பவர் கத்தியை நன்கு தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டுமென்றும் கட்டளையிட்டிருக்கிறார்கள். ஒரு நிமிஷ வேதனைக்கே இத்தனை கவனமென்றால், ஆயுள் முழுவதும் படும் வேதனைக்கு என்ன பதில் சொல்வோம்?

"மலிவாய்க் கிடைப்பதால்தானே ஏழையும் முட்டை சாப்பிடுகிறான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடைக்காரனான எனக்குக் காசின் அருமை தெரியும். ஆனால் சரக்கு அளவுக்கு மீறி மலிந்தால், மீதி விலையை வேறு யாரோ கொடுத்திருக்கிறார் என்பதும் வியாபாரிக்குத் தெரியும். இங்கே கொடுத்தது வாயில்லா ஜீவன்.

ஏழையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்லவில்லை. வசதியுள்ளவர்கள் கல்யாண விருந்தில் குப்பைக்குப் போகும் கோழியைக் குறைக்கலாம். கூண்டிலடைக்காமல் வளர்த்த கோழியின் முட்டைக்குச் சில காசு கூடக் கொடுக்கலாம். கடை வைத்திருப்பவர்கள் அத்தகைய சரக்கைக் கேட்டு வாங்கி வைக்கலாம்.

சகோதரர்களே! உணவைப் பற்றித் திருமறை கூறுமிடத்தில் ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது நல்லது, என்பதும் சேர்ந்தே வருகிறது. முதலாவதற்கு முத்திரையைப் பார்க்கிறோம். இரண்டாவதையும் இனி விசாரிப்போமாக.