திறந்த அணுக்கமும் ஆய்வறமும்

ஆய்விதழ்களை யாவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்றாக்கினால் ஆய்வின் தரம் தாழ்ந்துவிடும் என்னும் ஐயம் அறிஞரிடையே நிலவுகின்றது. இவ்வையம் எத்துணைப் பொருத்தமுடையது, தரத்தைக் காக்கும் கடமை யாருக்குரியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

2002ஆம் ஆண்டு வெளியான புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கத்திற்கு வரையறை வகுத்தது. ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் தடையின்றிப் படிக்கவும் படியெடுக்கவும் பகிரவும் வழி வேண்டும் என்பதே அதன் சாரம். வல்லுநர் மதிப்பீட்டைக் கைவிடுமாறு அது கூறவில்லை. எனவே, திறப்பு படிப்போரைச் சார்ந்தது; தரம் கட்டுரையை ஏற்போரைச் சார்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே குழப்பத்திற்குக் காரணமாகும்.

எனினும், இவ்வையம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. படிப்பவர் பணம் தாராதபோது, இதழ்கள் பல எழுதுபவரிடம் பணம் பெறுகின்றன. அந்நிலையில் கட்டுரையை மறுத்தல் வருவாயை இழத்தலாகிறது. ஜான் போஹானன் என்பார் வெளிப்படையான பிழைகள் மலிந்த போலிக் கட்டுரையொன்றைச் சிறு மாற்றங்களுடன் 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதனை ஏற்றுக்கொண்டன. இச்செய்தி 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. ஆயின், சந்தா பெறும் இதழ்களை அவர் சோதிக்கவில்லை. ஆதலின், இச்சோதனை மதிப்பீட்டின் குறைபாட்டைக் காட்டுகிறதேயன்றித் திறப்பின் குற்றத்தை மெய்ப்பிக்கவில்லை.

இந்தியாவில் இச்சந்தையை வளர்த்ததில் விதிகளுக்கும் பங்குண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியிட வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்தது. 2010ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியரின் கட்டுரைகளுக்கு மதிப்பெண் வழங்கின. எண்ணிக்கை பெருகவே, உதவித்தொகையை நம்பி வாழும் மாணவரும் பணம் செலுத்தி அச்சேறும் நிலை உருவாயிற்று. 2018 மே மாதம் 4,305 இதழ்களைக் குழு தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வாண்டே அறிவிக்கப்பட்ட ‘கேர்’ பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. மாணவருக்கான வெளியீட்டுக் கட்டாயம் 2022இலேயே நீங்கிவிட்டது.

தமிழ் மரபில் திறப்பும் தேர்வும் பகையானவையல்ல. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என அதன் சிறப்புப்பாயிரம் கூறும். நூல் அவையோர் அறிய வைக்கப்பட்டது. அவ்விடத்தேயே வினாவும் விடையும் நிகழ்ந்தன. அரங்கேற்றத்தில் திறப்பே தேர்வுக்குக் களமாயிற்று. பலர் கண்ணிற்படும் கட்டுரையின் பிழை விரைந்து வெளிப்படும். பூட்டிய இதழில் அது நெடுங்காலம் மறைந்து கிடக்கலாம்.

பட்டியல் நீங்கிய இன்று, இதழின் தகுதியை உறுதிசெய்யும் பொறுப்பு கல்வி நிறுவனங்களையும் அறிஞரையும் சார்ந்துள்ளது. படிக்காமலே ஒப்புதல் தரும் மதிப்பீட்டாளர், அக்கட்டுரையை நம்பி மேலாய்வு செய்யப்போகும் மாணவருக்குத் தீங்கிழைக்கிறார். பதவிக்குத் தேர்வு செய்வோர் கட்டுரைகளை எண்ணுவதைவிட, அவற்றுள் இரண்டையேனும் முழுமையாகப் படித்தல் நன்று. படிக்கும் கடமையை நாம் தட்டிக்கழிக்கும்வரை, இதழ் திறந்திருப்பினும் பூட்டியிருப்பினும் ஆய்வின் தரம் உயராது.