பிறர் குற்றமும் நம் குற்றமும்

பேருந்து வழியில் பழுதுற்று நின்றமையால் சூரியன் மறைந்தபின் உண்ண நேர்ந்தது என்று நாம் கூறுகின்றோம்; கேட்போர் அதனை ஏற்றுக்கொள்வர் என்றும் எதிர்பார்க்கின்றோம். வேறொருவர் விளக்கேற்றியபின் உண்ணக் கண்டாலோ, அவருக்கு விரதத்தில் பற்றில்லை என்று சொல்லி முடித்துவிடுகின்றோம். அவர் வந்த பேருந்து எப்போது வந்து சேர்ந்தது என்று நாம் வினவுவதில்லை. நம் பிழைக்குச் சூழ்நிலை காரணமாகிறது. பிறர் பிழைக்கு அவருடைய குணமே காரணமாகிவிடுகிறது.

இதனை மனநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். 1967ஆம் ஆண்டில் எட்வர்டு ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களுக்குக் கொடுத்தனர். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பம் அன்று, அவருக்கு விதிக்கப்பட்டது என்று சொல்லிய பின்னரும், ஆதரித்து எழுதியவரின் உள்ளத்திலும் அவ்வாதரவு இருக்கவேண்டும் என்றே படித்தவர்கள் பெரிதும் கருதினர். பிறரைக் காணும்போது செயல் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. அச்செயலுக்கு அவரைத் தள்ளிய காரணம் தெரிவதில்லை. தெரிவிக்கப்பட்டாலும் அது மனத்தில் தங்குவதில்லை.

இதைவிடக் கூர்மையான செய்தி 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெர்ட்ரம் மாலே என்னும் அறிஞர் இப்பொருள் பற்றிய 173 ஆய்வுகளைத் திரட்டி நோக்கினார். நமக்கொரு விளக்கமும் பிறருக்கொரு விளக்கமும் கூறும் இவ்வேற்றுமை எல்லாச் செயல்களிலும் காணப்படவில்லை. ஆயின் தீய நிகழ்ச்சிகளைப் பிரித்து நோக்கியபோது அது வெளிப்பட்டது. நல்ல நிகழ்ச்சிகளிலோ தலைகீழாக மாறியது: நம் நன்மைக்கு நம் குணமும், பிறர் நன்மைக்கு வாய்ப்பும் காரணமாகக் கூறப்பட்டன. அறியாமையால் மட்டும் விளையும் பிழையாயின் இப்படி இடத்திற்கேற்ப அது திரும்புமோ? அறியாமைக்குப் பின்னே மானகஷாயம் அமர்ந்திருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்நான்கு பக்கங்களையும் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரே சூத்திரத்துள் அடக்கியிருப்பது வியப்புக்குரியது. பிறரைப் பழித்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத குணத்தை வெளிப்படுத்துதல் என்னும் இவையே நீச கோத்திர வினை வந்து சேர்வதற்குக் காரணம் என்பது அதன் கருத்து. பிறரைத் தாழ்த்தி உயர நினைப்பவன் அச்செயலாலேயே தாழ்வை ஈட்டிக்கொள்கிறான். குலப்பெருமை பேசுவோர் இச்சூத்திரத்தை மீண்டும் ஒருமுறை படிப்பது நலம்.

இனி, பிறர் குற்றத்தைக் கண்டபின் செய்யத்தக்கது யாது? நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றாகிய உபகூஹனம், அதாவது அறப்பழி நீக்கல், இதற்கென்றே வகுக்கப்பட்டது. இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இதற்கு எடுத்துக்காட்டாக வருபவர் ஜினேந்திரபக்தர் என்னும் வணிகர். துறவி வேடத்தில் வந்த கள்வன் ஒருவன் அவர் வீட்டுச் சைத்தியாலயத்துக் குடையில் பதித்திருந்த வைடூரியத்தைக் கவர்ந்து ஓடினான். காவலர் துரத்திவர, ஓட வழியின்றி அவரிடமே வந்து அடைக்கலம் புகுந்தான். நம் சொற்படியே அவர் அதைக் கொண்டுவந்தார் என்று கூறிக் காவலரை அனுப்பிவிட்டு, பின்னர் அவனைத் தனியே கண்டித்து அனுப்பினார் வணிகர்.

வணிகர் பொய் கூறலாமோ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. இல்லறத்தார்க்குரிய வாய்மை விரதத்தை உரைக்குமிடத்து, பிறருக்குக் கேடு விளைக்கும் மெய்யையும் உரையாதிருத்தலை அந்நூலே சேர்த்துக் கூறுகிறது என்று விடையிறுக்கலாம். ஆயினும் அதனால் ஐயம் முழுவதும் தீர்ந்ததாக நாம் எண்ணவில்லை. மறைத்தற்கும் பொய்த்தற்கும் இடையே தொலைவு உண்டு.

கதையில் நாம் உற்று நோக்கவேண்டியது வேறொன்று. களவுபோன மணி வணிகருடையது, இழப்பு அவருடையது. தமக்கு நேர்ந்த தீங்கையே அவர் மறைத்தார். பிறருக்கு நேரும் தீங்கை மறைக்கும் உரிமை அவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை. புகுந்த வீட்டில் ஒரு பெண் அடிபடுகிறாள் என்று அறிந்தும், குடும்ப மானம், சமய மானம் என்று வாய்மூடி இருப்பதற்கு உபகூஹனம் என்று பெயரிடுதல் தகாது. அங்கே மறைக்கப்படுவது அறத்துக்கு வரும் பழி அன்று, அடித்தவனின் குற்றமே.

இதற்கு மாறாக, யாருக்கும் தீங்கில்லாத பழைய பிழைகளை நாம் எவ்வளவு கருத்தோடு காத்துவருகிறோம்! சம்பந்தம் பேச வருவோர், "பையன் எப்படி?" என்று கேட்கின்றனர். பதினெட்டு வயதில் அவன் தந்தையோடு சண்டையிட்டு வீட்டைவிட்டுப் போனது நம் நினைவுக்கு உடனே வருகிறது. அதன்பின் பத்து ஆண்டுகள் அவன் அத்தந்தையைப் பேணிவருவது வருவதில்லை. "கொஞ்சம் முன்கோபி" என்று ஒரு சொல் சொல்கிறோம். ஒருவரை ஒருவர் அறிந்த சிறு சமுதாயத்தில் அச்சொல் வந்தவாசியில் புறப்பட்டுத் திண்டிவனம் சென்று சேர நெடுநாள் ஆவதில்லை. ஒரு நாள் கண்டதைக் கண்டபடி கூறினால் அது செய்தி; அதையே அவன் இயல்பாக்கிக் கூறினால் அது தீர்ப்பு. கேட்டவர் நம்மிடம் வேண்டியது செய்தியே.

இவ்விடத்து மற்றொன்றும் கூறவேண்டும். எட்டு அங்கங்களுக்கும் எடுத்துக்காட்டுகளை அடுக்கும் ஸமந்தபத்திர ஆசாரியர், முதல் அங்கமாகிய ஐயமின்மைக்கு முனிவர் ஒருவரையோ மன்னர் ஒருவரையோ காட்டவில்லை; அஞ்சனன் என்னும் திருடனைக் காட்டுகிறார். நட்டுவைத்த படைக்கலங்களுக்கு மேலே தொங்கிய உறியில் அமர்ந்து, மந்திரத்தில் நம்பிக்கை வைத்துக் கயிறுகளை அறுக்க, வேறொருவன் அஞ்சி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். களவுக்குப் போய்வந்த அஞ்சனன் ஐயமின்றி அறுத்தான். அவன் பின்னர்த் துறவு பூண்டு வீடுபேறும் எய்தினான் என்பது வரலாறு. அன்று காலை அவ்வூரில் அவனைப் பற்றிக் கேட்டிருந்தால், திருடன் என்றே எல்லாரும் சொல்லியிருப்பர். சொன்னது பொய்யும் அன்று.