பின்னால் வருபவருக்கான அறம்

ராமகுப்பத்திலிருந்து குப்பம் பக்கம் காரில் சைக்கிளை ஏற்றிப் போகிறவர் எந்த ரேக்கை வாங்குவது என்பதில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. டிக்கியில் பட்டை போட்டுக் கட்டும் ரேக் மலிவு, ஏற்றுவதும் சுலபம். ஆனால் நம்பர் பிளேட்டையும் பிரேக் விளக்கையும் சைக்கிள் மறைத்துவிடலாம். கூரை ரேக்கில் தூக்கி வைக்கும் சிரமமும், காற்றின் தடையால் கூடும் பெட்ரோல் செலவும் காரோட்டிக்கே. முன்னதில் சுமை, பின்னால் வரும் முகம் தெரியாத பைக் ஓட்டுபவர் மேல் இறங்குகிறது. இப்படிப்பட்ட கவனக்குறைவுக்கு எதிராகச் சமணம் துறவிக்கு விதித்த ஐந்து சமிதிகளில், அதாவது கவன நெறிகளில், ஒன்று, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். கொல்லாமையை அது மனத்தோடு நிறுத்தாமல் கைக்கும் கொண்டுவந்தது. அதன் பெருமையே அதுதான்.

தீங்கு செய்யும் எண்ணம் இல்லாதபோது பாவம் எங்கே என்று கேட்கலாம். புத்தர் வினையை எண்ணத்தோடு இணைத்தவர்தான். ஆனால் விளக்கு மறைவதைப் பார்த்த பிறகும் வண்டியைக் கிளப்பினால், அந்த அலட்சியமும் எண்ணமே. துறவியின் விதி இல்லறத்தாருக்கு எதற்கு என்பது அடுத்த கேள்வி. மயிற்பீலியால் தரையைத் துடைத்து உட்காரும் துறவியைவிட, கனமான வண்டியை வேகமாக ஓட்டுபவரால் விளையக்கூடிய தீங்கு மிகப் பெரிது. கவனமும் அவருக்கே கூடுதலாக வேண்டும். கூரை ரேக் வாங்கப் பணமில்லை என்பது நியாயமான தடைதான். அப்போதும் பின்சீட்டை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினால் பல கார்களில் ஒரு சைக்கிள் உள்ளேயே அடங்கும்.