நண்பகல் யாருடையது?

சென்னையில் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது பெரும்பாலும் சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. பிப்ரவரி நடுவில் சுமார் 12:23க்குத்தான் உச்சி. நவம்பர் தொடக்கத்தில் 11:53க்கே முடிந்துவிடும். இந்த ஏற்ற இறக்கம் பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் செய்கிற வேலை. அதைக் கழித்துப் பார்த்தாலும் சராசரியாக ஒன்பது நிமிடம் மிஞ்சும். அந்த ஒன்பது நிமிடம் வானத்திலிருந்து வந்ததில்லை, யாரோ உட்கார்ந்து முடிவு செய்தது.

கணக்கு எளிதுதான். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, ஆக ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். (ஆறு பாகைக்கு ஒரு நாழிகை. நம் பழைய அளவு இங்கே கச்சிதமாக உட்காருவது எனக்குப் பிடிக்கும்.) இந்திய நேரம் மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் நாம தப்பிச்சோம். அருணாசலத்தின் டோங் கிராமத்தில் சூரியன் 11 மணி வாக்கிலேயே தலைக்கு மேலே வந்துவிடுகிறது. துவாரகையில் ஏறக்குறைய 12:54. இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம்.

இது நியாயமா? ‘ஊர் நேரம் இயற்கையானது, பொது நேரம் திணிக்கப்பட்டது’ என்று பதில் சொல்லிவிடத் தோன்றும். நானும் கொஞ்ச நாள் அப்படிச் சொல்லிப் பார்த்தேன், வரலாறு ஒத்துழைக்கவில்லை.

1906 ஜனவரியில் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. பம்பாயின் சொந்த நேரம் அதைவிட 39 நிமிடம் பின்தங்கியது. மில் முதலாளிகள் கடிகாரத்தை முன்னே தள்ளியதும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். யோசிச்சுப் பாருங்க, ஷிப்ட் நேரம் மாறவே இல்லை, காகிதத்தில் எல்லாம் பழையபடிதான். ஆனால் விடிவதற்கு முன்னால் இருந்த 39 நிமிடத் தூக்கம் போய்விட்டது. பம்பாய் மாநகராட்சியும் பல ஆண்டுகள் தன் நேரத்தை விடவில்லை. இங்கே ஊர் நேரம் உழைப்பவன் பக்கம் நிற்கிறது.

அசாமுக்குப் போனால் கதை திரும்பிவிடும். அங்கே தேயிலைத் தோட்டங்களில் ‘பாகான் நேரம்’ என்று ஒன்று உண்டு, பொது நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதற்கு இடம் தந்தது. சூரியனுக்கு நெருக்கமான நேரம்தான். ஆனால் அதைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள், பகல் வெளிச்சத்தில் ஒரு துளி வீணாகாமல் இலை பறிக்க வைப்பதற்காக. அதே ஊர் நேரம் இங்கே முதலாளி பக்கம்.

ஆகவே எந்த நேரம் உண்மையானது என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. எந்தக் கடிகாரமும் ஓர் உடன்படிக்கை. அதில் கையெழுத்துப் போட்டது யார், அதற்காகச் சீக்கிரம் எழுந்திருப்பது யார் என்பதைத்தான் கேட்கணும். எங்கள் மென்பொருள் தொழிலில் இதற்கு விளக்கமே தேவையில்லை. அமெரிக்காவில் காலை மீட்டிங் என்றால் இங்கே இரவு ஒன்பதரை. யாருடைய சாயங்காலம் போகும் என்று எவரும் விவாதிப்பதில்லை. பணம் எந்தத் தீர்க்கரேகையிலிருந்து வருகிறதோ, அங்கேதான் பகல்.

பொருளியலாளர் மௌலிக் ஜக்னானி இந்தியக் குழந்தைகளின் தூக்கத்தை ஆராய்ந்தார். சூரியன் தாமதமாக மறையும் இடங்களில் குழந்தைகள் குறைவாகத் தூங்குகிறார்கள், படிப்பிலும் பின்தங்குகிறார்கள், ஏழை வீடுகளில் இந்தப் பாதிப்பு அதிகம் என்று கண்டார். தேசிய இயற்பியல் ஆய்வகம் 2018இல் நாட்டை இரண்டு நேரமண்டலமாகப் பிரிக்கலாம் என்றது. கோட்டை அசாம்–மேற்கு வங்க எல்லையின் ஒடுங்கிய பகுதியில் போடச் சொன்னது, ரயில் அந்தக் கோட்டைத் தாண்டும் இடங்கள் அங்கே குறைவு என்பதால். ரயிலுக்காகத்தான் பொது நேரமே வந்தது. இன்றும் ரயிலிடம் அனுமதி கேட்காமல் அசாமுக்கு விடியாது போல.

இதெல்லாம் தீர்க்கரேகை தகராறு. தீர்க்கரேகைக்குச் சம்பந்தமே இல்லாத தகராறு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1996இல் மின்சாரப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி இலங்கை அரசு மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அக்டோபரில் அரைமணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரைமணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. போர்நிறுத்தக் காலத்தில் ஓமந்தை சோதனைச்சாவடியைத் தாண்டி வடக்கே போகிறவர் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னால் திருப்பணும். சாவடிக்கு இரு பக்கமும் ஒரே தீர்க்கரேகை, ஒரே நிழல். மணி கேட்டால் வரும் பதில் மட்டும் நீங்கள் யாருடைய ஆட்சியில் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடும்.

உலகத்தின் பெரும்பாலான கணினிகள் நேரம் பார்ப்பது ஒரு பொதுத் தரவுத்தளத்தை வைத்து. அதில் இலங்கைக்கு ஒரே மண்டலம், ‘ஆசியா/கொழும்பு’. 2003இல் கிளிநொச்சியில் காலை பத்து மணிக்குப் பிறந்த ஒரு குழந்தைக்கு ஜாதகம் கணிக்கச் சொன்னால், மென்பொருள் கொழும்பின் பத்து மணியை எடுத்துக்கொள்ளும். அரைமணி பிசகும், சில சமயம் லக்னமே மாறும். சரியாகக் கணிக்கணும்னா அம்மாவிடம்தான் விசாரிக்கணும், அன்றைக்கு அந்தச் சுவரில் தொங்கியது எந்த நேரம் என்று.