ஆடத் தகுதியுடையவன் யார்?

கோடையில் வற்றிக் கிடக்கும் வெள்ளாற்று மணலில், சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகள் மாலைதோறும் பந்தாடுவதைப் பாலத்தின்மேல் செல்வோர் பலரும் கண்டிருப்பர். கோல் கம்பத்துக்குப் பதிலாக இரு முனையிலும் இரண்டிரண்டு செங்கற்கள். நடுவர் என்று எவரும் இல்லை. ஆயினும் பந்து கையில் பட்டால் பட்டவனே நின்றுவிடுகிறான். அதை வியந்தபடி நானும் பலமுறை கரையில் நின்றதுண்டு. அந்த மணலில் கால் பழகிய பிள்ளை ஒருவன் இறையழைத்தலை உணர்ந்து இளங்குருமடத்தில் சேர்ந்தான். அங்குத் தங்கியபடியே கலைக்கல்லூரி ஒன்றில் பட்டப்படிப்பும் படித்துவந்தான்.

விடுமுறையில் ஒருநாள், மாலைத் திருப்பலி முடிந்து நான் கோவில் கதவைச் சாத்தும் வேளையில் அவன் வந்து நின்றான்.

"சாமி, பல்கலைக்கழகக் கால்பந்து அணித் தேர்வுக்கு என் பேரைக் குடுத்திருக்காங்க. குருமடத்துலயும் அனுமதி கெடச்சிடுச்சு. ஆனா, நான் ஆடலாமா?"

"ஏன் கூடாது? நீ கல்லூரி மாணவன்தானே. தகுதி இருக்கிறது, போய் ஆடு" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன். அவன் நகரவில்லை. நான் விடை சொன்ன கேள்வி வேறு, அவன் கேட்ட கேள்வி வேறு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. அந்த அவசர விடைக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறேன்.

விதி கேட்பது

முதலில் நான் விடை சொன்ன கேள்வியையே எடுத்துக்கொள்வோம். குருவாவதற்குப் படிக்கும் ஒருவன் கல்லூரி அணியில் ஆட விதி இடந்தருகிறதா?

நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிறது. ஆடவருபவர் முழுநேர மாணவராகப் பதிவு பெற்றிருக்கவேண்டும். வயது வரம்பைத் தாண்டியிருக்கலாகாது. அஞ்சல்வழியில் படிப்பவருக்கு இடமில்லை. அவன் எந்தச் சமயத்தவன், எந்த ஊரான், நாளை என்னவாகப் போகிறான் என்று விதி கேட்பதில்லை. எனவே கல்லூரியில் பயிலும் குருமாணவன் தாராளமாக ஆடலாம். பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாத குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் மட்டும் பயில்பவனுக்கோ அந்த வாய்ப்பில்லை.

கல்லூரி விளையாட்டைப் பெருந்தொழில்போல் வளர்த்துவிட்ட அமெரிக்க நாட்டில் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. அங்குக் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் தூக்கி ஓடியும் ஆடும் ஆட்டம். நாம் ஆடுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சாக்கர். எந்த ஆட்டமானாலும், என்.சி.ஏ.ஏ. எனப்படும் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதன் முதல் பிரிவில் பல்லாண்டுகளாக வைத்திருந்த விதி ஒன்றே: ஒரு மாணவன் ஏதேனும் ஒரு கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்த நாள்முதல் ஐந்து ஆண்டுகள் ஓடத் தொடங்கும், அதற்குள் நான்கு பருவங்களே அவன் ஆடலாம். படைப்பணிக்கோ, தன் சபையின் அதிகாரப்பூர்வ மறைபரப்புப் பணிக்கோ சென்றிருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது. மோர்மோன் சபையினரின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரர் பலர், ஈராண்டு மறைபரப்புக்குச் சென்று திரும்பி வந்து மீண்டும் அணியில் ஆடுவது இந்த விலக்கினால்தான்.

அப்படியானால் கல்லூரிக் குருமடத்தில் ஈராண்டு பயின்றுவிட்டு, அழைத்தல் தனக்கில்லை என்று தெளிந்து வெளியே வரும் கத்தோலிக்க இளைஞனின் நிலை என்ன? அவன் பயின்றது படிப்பு. ஆகவே அவனுக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். இருவரும் இறைவனுக்கென்றே அந்த ஈராண்டுகளைக் கொடுத்தார்கள். ஒருவனுக்குக் கணக்கு நின்றது, மற்றவனுக்கு நிற்கவில்லை. இது அநீதி அல்லவா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எண்ணிப்பார்த்தால், விதி இறைப்பற்றை எடைபோட முனையவில்லை. 'அந்த நாள்களில் நீ மாணவனாக இருந்தாயா?' என்பதே அது கேட்கும் ஒரே கேள்வி. விதி எப்போது ஒருவனுடைய பக்தியை அளக்கத் தொடங்குகிறதோ அப்போதே அது கெட்டுப்போகும். விதிமுறைப்படி போட்டியிடாத வீரனுக்கு வாகை இல்லை என்னும் பொருள்படப் பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். குருவாகப் போகிறவன் அந்த அறிவுரையை மைதானத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது. கடவுள் பெயரைச் சொல்லிச் சலுகை கேட்பவன், பின்னாளில் பங்கிலும் அதையே செய்வான்.

திருச்சபை கேட்பது

அடுத்து, திருச்சபை இதைத் தடுக்கிறதா? முன்னாளில் குருமாணவன் தலைமயிர் கத்தரிக்கும் சடங்கைப் பெற்றவுடனேயே திருநிலையினர் வரிசையில் சேர்ந்துவிடுவான். திருத்தந்தை ஆறாம் பவுல் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட ஆணையால் அச்சடங்கு நீங்கியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்படும்போதே ஒருவர் திருநிலையினர் ஆகிறார். அதுவரை குருமாணவனும் உங்களைப் போன்ற பொதுநிலையினனே. இதை நம் பங்கு மக்களில் பலர் மறந்துவிடுகிறோம். பதினெட்டு வயதுப் பிள்ளை குருமடத்தில் காலெடுத்து வைத்ததும் அவனைப் பீடத்துச் சுரூபமாக்கிவிடுகிறோம். அவன் பந்தை உதைத்தால்கூட நமக்குச் சற்று உறுத்துகிறது.

திருச்சபைக்கு அந்த உறுத்தல் இல்லை. குருமடத்தில் சேர்ப்பதற்குரிய தகுதிகளுள் உடல்நலத்தையும் உளநலத்தையும் சட்டமே குறிப்பிடுகிறது. விளையாட்டில் அளவோடு இன்புறுவதும் ஒரு நற்பண்பே என்று புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் நிறுவுகிறார். எப்போதும் நாணேற்றியே வைத்த வில் முறிந்துபோகும் என்னும் பழங்கதையையும் அங்கே எடுத்தாள்கிறார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் போலந்து நாட்டு வாதோவித்சே ஊரில் சிறுவனாக இருந்தபோது கோல் காத்தவர். 2007ஆம் ஆண்டுமுதல் உரோமை நகரில் குருக்களும் குருமாணவர்களும் ஆடும் 'கிளெரிகுஸ் கோப்பை'ப் போட்டி தொடங்கிற்று. அங்கு முரட்டுத்தனமாக ஆடுவோருக்கு நீல அட்டை காட்டி ஐந்து நிமிடம் வெளியே நிறுத்துவார்கள்; அந்த ஐந்து நிமிடம் மனத்தை ஆராயவும் உதவும். 2018ஆம் ஆண்டு வத்திக்கானே விளையாட்டைப் பற்றித் தனி ஆவணம் ஒன்றை வெளியிட்டது.

ஆட்டத்தை விட்டுக் குருத்துவத்துக்கு வந்தவர்களும் உண்டு. சேஸ் ஹில்கன்பிரிங்க் என்ற அமெரிக்கர் கிளெம்சன் பல்கலைக்கழக அணியில் ஆடி, சிலி நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து, தாய்நாட்டின் முதன்மைக் கழகங்களில் ஒன்றில் இடம்பெற்ற 2008ஆம் ஆண்டிலேயே அதைத் துறந்து குருமடம் புகுந்தார், 2014இல் குருவானார். மான்செஸ்டர் யுனைடெட், நார்விச் சிட்டி அணிகளுக்கும் வட அயர்லாந்து நாட்டுக்கும் ஆடிய பிலிப் மல்ரைன் தோமினிக் சபையில் சேர்ந்து 2017இல் குருவானார். இவர்கள் ஆட்டத்தை விட்டது அது பாவம் என்பதாலன்று. நல்லதொன்றை அதைவிட நல்லதற்காக விட்டார்கள். கையில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்? ஆடவே விடாமல் வளர்த்த பிள்ளை எதைத் துறந்தான் என்று சொல்வது?

ஆக, அன்று நான் சொன்ன விடையில் சட்டப் பிழை ஏதும் இல்லை.

மணலில் நின்ற மற்றொருவன்

இரண்டு நாள் கழித்து அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அப்போதுதான் சொன்னான்.

அவன் கல்லூரியிலேயே இன்னொரு மாணவன். அவனும் அதே மணலில் ஆடி வளர்ந்தவன். இருவரும் இடப்பக்க முன்னாட்டக்காரர்கள். தந்தை சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுபவர். பட்டியலில் அந்த இடத்துக்கு எஞ்சியிருந்தது ஒன்றே. பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கான சான்றிதழ் சாதாரணத் தாளன்று. நடுவண் அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டின்கீழ் விண்ணப்பிக்க அது ஒரு வாசல். "எனக்கு அந்தத் தாளு எதுக்கு சாமி? நான் வேலைக்கா போகப்போறேன்? அவனுக்கு அதுதான் எல்லாம். நான் போய் நின்னா அவன் வெளியே நிக்கணும். அதான் ஆடலாமான்னு கேட்டேன்."

இதற்கு எந்த விதிப்புத்தகத்தில் விடை தேடுவது?

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை அன்றிரவு எடுத்து வைத்துக்கொண்டேன். ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் பவுலடியார் எடுத்துக்காட்டும் பகுதி அதன் இறுதியில் வருகிறது. விளையாட்டு விழாக்களில் நாம் வாசிப்பது அதைத்தான். அதே அதிகாரத்தின் முற்பகுதியை அங்கு யாரும் வாசிப்பதில்லை. அங்கே அவர் தம் உரிமைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்: உழைக்கிறவனுக்குக் கூலி உண்டு, எனக்கும் உண்டு, ஆயினும் அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்கிறார். உரிமையை விட்டுக்கொடுத்தவரே அடுத்த மூச்சில் வெல்லும்படி ஓடுங்கள் என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே மனிதரின் பேச்சு.

எனவே மறுநாள் அவனோடு மூன்று வழிகளை எண்ணிப்பார்த்தோம். தேர்வுக்குப் போய் வேண்டுமென்றே மோசமாக ஆடுவது ஒன்று. அது பொய், அணியையும் நண்பனையும் ஒருங்கே ஏமாற்றுவது. போகாமலே இருந்துவிடுவது இன்னொன்று. அது அவன் உரிமை. ஆனால், 'உனக்காக விட்டுக்கொடுத்தேன்' என்ற நினைப்பு இருவர் நடுவிலும் ஆயுள் முழுதும் நிற்கும். இரக்கம் என்ற பெயரில் நாம் பலரைச் சிறுமைப்படுத்துகிறோம். மூன்றாவது, தேர்வு செய்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அதன்பின் முழு மூச்சோடு ஆடுவது. அவன் மூன்றாவதைத் தெரிந்துகொண்டான்.

பயிற்சியாளர் பொறுமையாகக் கேட்டாராம். "யாருக்குத் தேவைன்னு பாத்து எடுத்தா அது அணியா இருக்காது தம்பி. யாரு தேவைன்னுதான் நான் பாக்கணும்" என்றாராம். அவர் சொன்னது நியாயமே. அவர் இரங்கத் தொடங்கினால் நாளை சிபாரிசும் இரக்கத்தின் உடையில்தான் வரும்.

பட்டியலில் நம் பிள்ளையின் பெயர் வந்தது. போனான், ஆடினான், தோற்றுத் திரும்பினார்கள். மற்றவன் அடுத்த ஆண்டு தேர்வுக்கு வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைப் பக்கம் கட்டட வேலைக்குப் போனான் என்று கேள்வி.

குற்றமில்லாக் கடன்

சான்றிதழோடு என்னிடம் வந்தான். "இதை என்ன செய்யறது சாமி?" என்றான். கிழித்தெறிந்தால் மனம் ஆறும் என்று நினைத்திருப்பான் போலும். "வைத்துக்கொள்" என்றேன். அவ்வளவுதான் அன்று சொல்ல முடிந்தது. இன்று சற்றுக் கூடுதலாகச் சொல்ல முயல்கிறேன்.

இந்நிகழ்ச்சியில் குற்றவாளி எவரும் இல்லை. விதி நேர்மையானது, பயிற்சியாளர் நேர்மையானவர், ஆடியவன் தகுதியோடு ஆடினான். நமது நீதிமுறை இங்கே முடிந்துவிடுகிறது. நற்செய்தி இங்கிருந்துதான் தொடங்குகிறது. உரோமையருக்கு எழுதும்போது பவுலடியார் தம்மைக் கிரேக்கருக்கும் கிரேக்கரல்லாதாருக்கும் கடன்பட்டவர் என்கிறார். அவர்களிடம் அவர் எதைக் கடனாக வாங்கினார்? ஒன்றும் இல்லை. தாம் தெரிந்துகொள்ளப்பட்டதே அவருக்குக் கடனாயிற்று. முறையாகப் பெற்றதிலும் கடன் உண்டு. நமக்கு ஓரிடம் கிடைத்தபோதெல்லாம் அந்த இடத்தின் வாசலில் ஒருவர் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

குருத்துவமும் அத்தகைய இடந்தானே? எங்களைவிடச் செபிக்கத் தெரிந்தவர்கள், எங்களைவிட ஏழைகளை நேசித்தவர்கள் எத்தனையோ பேர் கோவிலின் பின்வரிசையில் நிற்கிறார்கள். பீடத்தருகே நிற்பது நான். இந்த எண்ணம் ஒரு குருவைத் தளரவைக்காது. அவனைத் தாழ்த்திக் காக்கும். உங்கள் பிள்ளைக்குக் கத்தோலிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றும், உங்களுக்குப் பதவி உயர்வு வந்த அன்றும் நன்றித் திருப்பலிக்குக் காணிக்கை தருகிறீர்கள், நல்லது. பட்டியலில் உங்களுக்கு அடுத்த பெயர் யாருடையது என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறீர்களா?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் களிமண் பொம்மையைச் சூளையில் வைக்குமுன் பார்த்திருப்பீர்கள். ஈரமுள்ளவரை விரல் பட்ட இடமெல்லாம் பதியும். சுட்டபின் எதுவும் பதியாது. அந்தப் பிள்ளை இப்போது பெரிய குருமடத்தில் மெய்யியல் படிக்கிறான். சென்ற விடுமுறையில் வந்தபோது, தன் நண்பன் சென்னையில் எங்கே தங்கியிருக்கிறான் என்று அவன் தாயிடம் விசாரித்து, முகவரியை எழுதி வாங்கிப் போனான். போய்ப் பார்த்தானா, பார்த்து என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஆடத் தகுதியுடையவன் யார் என்று இப்போது எவரேனும் கேட்டால், வயதையும் பதிவேட்டையும் சொல்லிவிட்டு உடனே தாழ்ப்பாளைப் போடமாட்டேன்.