பெயர் கைமாறினால் வாக்கு யாருடையது?

விலை உயர்ந்த வீட்டுச் சாதனம் ஒன்றை வாங்குபவர் இரண்டுக்குச் சேர்த்துப் பணம் தருகிறார். ஒன்று, கண்ணெதிரே நிற்கும் இயந்திரம். மற்றது, அது பல ஆண்டு உழைக்கும், பழுதானால் ஆள் வருவார் என்ற வாக்கு. இயந்திரம் அன்றே வீடு வந்து சேரும். வாக்கு நிறைவேற வேண்டிய காலமோ பத்து, பதினைந்து ஆண்டு. அதற்குள் நிறுவனத்தின் முதலாளி மாறலாம், ஆலை வேறு நாட்டுக்குப் போகலாம், சர்வீஸ் வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போகலாம். கதவில் பதித்த பெயர் மட்டும் அப்படியே இருக்கும். அப்போது அந்த வாக்குக்கு யார் பொறுப்பு? கொடுத்தவர் போய்விட்ட பிறகும் ஒரு வாக்கு உயிரோடு இருக்குமா? நுகர்வோர் மன்றத்தின் வாசலில் எழும் இந்தக் கேள்வியின் வேர் மெய்யியலில் இருக்கிறது.

அமெரிக்காவின் மேடாக் நிறுவனத்தின் வரலாற்றில் இதன் பல முகங்களும் தென்படும். அயோவா மாநிலத்து நியூட்டன் என்ற சிற்றூரில் 1893இல் தொடங்கியபோது அது செய்தவை உழவர்களுக்கான கருவிகள். உழவு வேலை ஓய்ந்த மாதங்களில் ஆலை சும்மா கிடக்கக் கூடாது என்பதற்காக 1907இல் துணி துவைக்கும் இயந்திரத்தையும் செய்யத் தொடங்கியது. தொட்டியின் அடியில் சுழலி பொருத்திய மாதிரி 1922இல் பெரும் வெற்றி பெற்றபின் சலவை இயந்திரமே அதன் தொழிலாயிற்று. நிறுவனரின் பேரன் 1962இல் இறக்கும்வரை தலைமை குடும்பத்தினரிடம் இருந்தது.

1967இல் தொலைக்காட்சியில் வந்த அதன் விளம்பரத்தில் சீருடையும் தொப்பியும் அணிந்த மெக்கானிக் ஒருவர் தோன்றினார். மேடாக் இயந்திரம் பழுதாவதே இல்லை என்பதால் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஊரிலேயே தனிமையில் வாடும் மனிதர் அவர்தான். நடிகர் ஜெஸ்ஸி ஒயிட் இருபது ஆண்டுக்கு மேல் அந்த வேடத்தில் வந்தார், அவருக்குப் பிறகு கார்டன் ஜம்ப். மேடாக் கூடுதல் விலை கேட்டதற்கு அந்த வேலையற்ற மெக்கானிக்கே நியாயம். விளம்பரம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. சோப்பு கமகமவென்று மணக்கும் என்பது புகழுரை. எங்கள் இயந்திரம் பழுதாகாது என்பது காலம் சரிபார்க்கக்கூடிய கூற்று. கேட்பவர் அதை நம்பிப் பணம் தருவார் என்று தெரிந்தே, தரவேண்டும் என்பதற்காகவே சொல்லப்பட்டது. ஒரு வாக்குறுதிக்கு வேறென்ன வேண்டும்?

வாங்குபவர் ஏன் நம்பினார் என்பதற்குப் பொருளியலில் விடை உண்டு. உள்ளே இருக்கும் பேரிங்கின் தரத்தைக் கடையில் நின்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. தரம் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு நிலைப்பது கடினம் என்று ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970இல் காட்டினார். பெஞ்சமின் கிளைனும் கீத் லெஃப்லரும் 1981இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: அடக்கத்துக்கு மேல் வாங்கப்படும் கூடுதல் விலையே காப்பு. ஏமாற்றினால் லாபம் ஒருமுறைதான்; ஏமாற்றாவிட்டால் அந்தக் கூடுதல் ஆண்டுதோறும் வரும். அதை இழக்க மனமில்லாத நிறுவனம் தரத்தைக் காக்கும்.

விளக்கம் அழகானது, ஓட்டை காலத்தில் இருக்கிறது. பேரிங்கை மலிவாக்கினால் மிச்சம் இந்தக் காலாண்டுக் கணக்கிலேயே தெரியும். பேரிங் அலறத் தொடங்க ஐந்தாறு ஆண்டு ஆகும். அந்தச் செய்தி பரவிப் பெயர் கெட இன்னும் சில ஆண்டு. முடிவெடுத்த மேலாளர் அதற்குள் வேறு நிறுவனத்தில் இருப்பார். தலைமுறைகளாகச் சேர்த்த பெயரைப் பத்தாண்டில் செலவழித்துவிட்டுப் போவது சில சமயம் லாபமாகக்கூட இருக்கும். கிளைன், லெஃப்லர் கணக்கே அதைத்தான் சொல்கிறது.

இமானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். சிறுபிள்ளை வந்தாலும் மற்றவர்களுக்குச் சொல்லும் அதே விலையைத்தான் சொல்வார். நாணயமானவர்தான். ஆனால் நாணயமாக இருந்தால் வியாபாரம் நடக்கும் என்பதற்காக அப்படி இருக்கிறார் என்றால் அந்தச் செயலுக்கு அறமதிப்பு இல்லை என்கிறார் கான்ட். படிப்பவர் பலருக்கு இது வீண் கண்டிப்பாகப் படும். பிள்ளைக்குச் சரியான விலை கிடைத்தால் போதாதா? கடைக்காரர் நாளையும் கடை திறப்பார் என்றால் போதும். கடையை விற்கப்போகிறார் என்றால் போதாது. லாபத்துக்காக நாணயமாக இருந்தவர் லாபக் கணக்கு மாறிய அன்றே மாறலாம். கான்ட்டின் வேறுபாடு வகுப்பறைக்கு வெளியே எங்கே உதவும் என்று கேட்பவர்களுக்கு, விலைக்கு வரும் புகழ்பெற்ற பிராண்டுகளைக் காட்டலாம்.

மேடாக்கின் கணக்கு 1980களில் மாறத் தொடங்கியது. நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. மேடாக் 1986இல் மேஜிக் ஷெஃப்பையும், 1989இல் வேக்குவம் கிளீனர் செய்யும் ஹூவரைக் கையில் வைத்திருந்த சிகாகோ பசிபிக்கையும் வாங்கியது. ஹூவரின் பிரிட்டன் கிளை 1992இல் அறிவித்த சலுகை வணிக வரலாற்றில் நிலைத்துவிட்டது: 100 பவுனுக்குப் பொருள் வாங்கினால் இருவருக்கு விமானச் சீட்டு இலவசம், முதலில் ஐரோப்பாவுக்கு, பிறகு அமெரிக்காவுக்கும். சீட்டின் மதிப்பு பொருளின் விலையைத் தாண்டியது. தேவையே இல்லாதவர்களும் சீட்டுக்காக வேக்குவம் கிளீனர் வாங்கினார்கள். நிறுவனம் திணறியது. பலருக்குச் சீட்டு வரவே இல்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன, இழப்பு ஏறத்தாழ 5 கோடி பவுன், 1995இல் ஐரோப்பிய ஹூவர் இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சீட்டு கிடைக்காத வாடிக்கையாளர் ஒருவர், தன் வீட்டுக்குப் பழுதுபார்க்க வந்த ஹூவர் ஆளின் வேனைப் போகவிடாமல் மறித்து வைத்துக்கொண்டார். பிரிட்டன் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. விளம்பரத்து மெக்கானிக்கின் தனிமை ஒருவழியாகத் தீர்ந்தது எனலாம்.

1997இல் மேடாக்கின் நெப்டியூன் என்ற முன்கதவுச் சலவை இயந்திரம் 1,000 டாலரை ஒட்டிய விலையில் வந்தது. தண்ணீரும் மின்சாரமும் மிச்சம் என்று வரவேற்கப்பட்ட அதன்மேல் சில ஆண்டுகளில் பூஞ்சை நாற்றம், மின்சுற்றுப் பலகைக் கோளாறு என்று புகார்கள் குவிந்தன. கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2004இல் இல்லினாய் மாநிலத்து கேல்ஸ்பர்க் ஆலை மூடப்பட்டுக் குளிர்பதனப் பெட்டி வேலை மெக்சிகோவுக்குப் போனது. 2006இல் நெடுநாள் போட்டியாளரான வேர்ல்பூல் மேடாக்கையே வாங்கியது. 2007 அக்டோபரில் நியூட்டன் ஆலையும் மூடப்பட்டது. பெயர் மூடப்படவில்லை. மேடாக் இயந்திரங்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

இப்படிப்பட்ட சரிவில் வாங்கியவருக்கு நேர்வது வெறும் ஏமாற்றமா, துரோகமா? நம்பிக்கை பற்றி அனெட் பேயர் 1986இல் எழுதிய கட்டுரையில் கான்ட் வேறொரு வேடத்தில் வருகிறார். அவருடைய நேரம் தவறாத பழக்கங்களைப் பார்த்து அண்டை வீட்டார் மணி கணித்தார்களாம். ஒருநாள் அவர் அசந்து தூங்கிவிட்டால் அவர்களுக்கு ஏமாற்றம்தான்; தங்களைக் கைவிட்டார் என்று அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய பழக்கத்தை அவர்கள் சார்ந்திருந்தார்களே ஒழிய அவரை நம்பியிருக்கவில்லை. நம்பிக்கை என்பது மற்றவருடைய நல்லெண்ணத்தின்மேல் வைப்பது என்பது பேயரின் கருத்து. இதன்படி இயந்திரத்தை யாரும் நம்புவதில்லை, சார்ந்திருக்கிறார்கள். எல்லா இயந்திரமும் ஒருநாள் நிற்கும். மோட்டார் எரிந்துபோனதற்காக யாரும் வஞ்சிக்கப்பட்டதாக நினைப்பதில்லை. அந்த நினைப்பு வருவது, பழுதைச் சொல்லக் கூப்பிட்ட பிறகு நடப்பவற்றால். சர்வீஸின் சீர்கேடு தரத்தின் சீர்கேட்டைவிடக் கசப்பதற்குக் காரணம் இதுவே.

கறாராகப் பார்த்தால், நிறுவனத்துக்கு நல்லெண்ணம் ஏது, அதை நம்பியதே பிழை என்று வாதிடலாம். நிறுவனத்துக்குள் முடிவெடுக்கும் அமைப்பு இருப்பதால் அதற்கும் நோக்கம் உண்டு, அதையும் அறப் பொறுப்புள்ள ஆளாகக் கொள்ளலாம் என்று பீட்டர் ஃபிரெஞ்ச் 1979இல் எழுதினார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம்பச் சொல்லிக் கேட்டது நிறுவனம். ஒரு மனிதமுகத்தைக் காட்டி நம்பிக்கையை வாங்கிக்கொண்டு, கொடுக்கும் நேரத்தில் நான் சட்டம் படைத்த வெறும் ஏற்பாடு என்று சொல்வது எடுபடாது.

ஒருவர் நேற்றிருந்த அதே ஆள்தானா என்பதை நினைவின் தொடர்ச்சியே தீர்மானிக்கிறது, பொறுப்பும் அதோடுதான் போகிறது என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஜான் லாக். நிறுவனத்தின் நினைவு அதன் ஆட்களிடமும் ஏடுகளிலும் இருக்கிறது: பழைய மாதிரியின் குணம் தெரிந்த மெக்கானிக், எந்த ஆண்டுச் சரக்கில் எந்த உறுப்பு மோசம் என்று சொல்லக்கூடிய கிடங்குக்காரர், முன்பு வந்த ஆள் எழுதிவைத்த குறிப்பு. செலவைக் குறைக்க இவர்கள் அனுப்பப்பட்டபின் வாடிக்கையாளர் ஒவ்வொரு அழைப்பிலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மாதிரி எண், வாங்கிய தேதி, புகார் எண். போன வாரம் வந்த ஒப்பந்த ஆள் எதைக் கழற்றினார் என்பது இன்று பேசும் கால் சென்டர் ஊழியருக்குத் தெரியாது. அவர் மேல் தவறும் இல்லை. நினைவு போனவர் செய்த குற்றத்திலிருந்து விடுபட்டுவிடுவாரா என்பது லாக்குக்கு எதிரான பழைய ஆட்சேபம். மனிதர் விஷயத்தில் அது நூலிழைச் சிக்கல். நிறுவனம் விஷயத்தில் நினைவை வேண்டுமென்றே, வரவுசெலவுத் திட்டத்தில் எழுதியே தொலைக்க முடியும் என்பதால் ஆட்சேபம் இங்கே முழு வலுவோடு நிற்கிறது.

கைமாறும் பெயரைப் பற்றிப் பேசினால் தீசியஸின் கப்பலைத் தவிர்க்க முடியாது. உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி ஏதென்ஸ் மக்கள் அதைக் காத்தார்கள், அது அதே கப்பலா என்று மெய்யியலாளர்கள் சண்டையிட்டார்கள் என்கிறார் புளூடார்க். தாமஸ் ஹாப்ஸ் 1655இல் முடிச்சை இறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? பிராண்டு விஷயத்தில் சட்டத்துக்குத் தயக்கமே இல்லை. வேலையிழந்த நியூட்டன் பொறியாளர்கள் கூடிப் பழைய மாதிரியை அப்படியே செய்தாலும் அதில் மேடாக் என்று எழுத முடியாது. பெயரை வாங்கியவர் எங்கே, யாரைக் கொண்டு, எப்படிச் செய்தாலும் எழுதலாம். நற்பெயர் விற்கக்கூடிய சொத்து என்பதை ஸ்டீவன் டடேலிஸ் 1999இல் ஒரு கணித மாதிரியால் விளக்கினார். உரிமை கைமாறுவது வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது என்பது அந்த மாதிரியின் அடிப்படை.

நான் அந்த வாக்கைக் கொடுக்கவில்லையே என்று புதிய உரிமையாளர் சொல்லலாம். வாக்குறுதி என்பதே மனிதர் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் என்றார் டேவிட் ஹியூம். குறித்த சொல்லைச் சொன்னவர், மனத்தில் என்ன நினைத்திருந்தாலும், அதற்குக் கட்டுப்பட்டவர். பெயரைப் பதித்து விற்பதும் அத்தகைய குறியீடு. புதியவர் தன் சொந்தப் பெயரில் அதே இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு விற்றிருக்கலாம். பழைய பெயருக்காக வாங்கும் ஒவ்வொரு கூடுதல் ரூபாயும், டாலரும், பழைய வாக்கை நம்பித் தரப்படுவது. அதை வாங்கும் நொடியில் அவர் அந்த வாக்கை மறுபடி தாமே கொடுக்கிறார். பழைய முதலாளி கொடுத்துவிட்டுப் போனதைச் சுமப்பதாக அவர் நினைத்தால் அது தவறான கணக்கு.

அப்படியானால் தரத்தைக் குறைக்க விரும்புபவர் என்ன செய்ய வேண்டும்? குறைப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. மலிவுப் பொருளுக்கும் சந்தையில் இடம் உண்டு. சொல்லாமல் குறைப்பதில்தான் சிக்கல். சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வியாபாரி பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலோடு வருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா? இன்னொருவர், உத்திரம் உளுத்த வீட்டை விற்கிறார். சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார் அந்நூலில் வரும் மெய்யியலாளர் டயோஜெனீஸ். விற்பவருக்குத் தெரிந்த எல்லாம் வாங்குபவருக்கும் தெரிய வேண்டும் என்றார் அவருடைய மாணவர் அந்திபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் நின்றார்: அறிந்துகொள்வது யாருக்கு நலமோ அவருக்குத் தன் லாபத்துக்காக ஒன்றைத் தெரியாமல் வைத்திருப்பது மறைப்பதே என்றார். பிராண்டு விற்பனையில் அந்திபேட்டரின் வாதம் இன்னும் கூர்மையாகிறது. தானிய வியாபாரி வாயை மூடிக்கொண்டிருந்தார்; இங்கே பழைய பெயர் பேசிக்கொண்டே இருக்கிறது.

சட்டம் இதில் பாதி தூரம் வந்திருக்கிறது. நிறுவனம் முழுதாகக் கைமாறினால் பொதுவாகக் கடன்களும் கூடவே வரும்: தீப்பற்றும் அபாயத்தால் 2007 பிப்ரவரியில் திரும்ப அழைக்கப்பட்ட, மேடாக், ஜென்ஏர் பெயர்களில் விற்ற சுமார் 23 லட்சம் பாத்திரம் கழுவும் இயந்திரங்களைப் புதிய உரிமையாளரின் காலத்தில்தான் கவனிக்க வேண்டியிருந்தது. பெயருக்கு மட்டும் உரிமம் கொடுத்தால் நிலை வேறு. பெர்லினில் பிறந்த ஏ.இ.ஜி. 1996இல் நிறுவனமாக இல்லாமற்போனது. அந்தப் பெயர் எலக்ட்ரோலக்ஸின் சலவை இயந்திரங்களிலும், உரிமம் பெற்ற பிறரின் துளைக்கருவிகளிலும் இருக்கிறது. சர்வீஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் முன்னே நிற்கிறது. 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி சலவை இயந்திரத்தின் முக்கிய உதிரிபாகங்கள், அந்த மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்தபின் குறைந்தது 10 ஆண்டு கிடைக்க வேண்டும். கேட்ட 15 வேலைநாளில் அனுப்ப வேண்டும். பழுதுபார்க்கும் கடமையைத் தயாரிப்பாளர்மேல் வைக்கும் 2024ஆம் ஆண்டின் ஆணை 2026 ஜூலை இறுதியில் நடைமுறைக்கு வருவதாக வகுக்கப்பட்டது. இயந்திரத்தின் பின்தகட்டில் தயாரிப்பாளரின் முகவரி சிறிய எழுத்தில் இருக்கும். முன்புறத்துப் பெரிய எழுத்துக்கும் அதற்கும் எந்த ஆண்டு முதல் என்ன உறவு என்பதைச் சொல்லும்படி இந்த விதிகள் கேட்பதில்லை.